மைலேஜைத் தின்பது மார்கழியா?

மார்கழி பிறந்துவிட்டால் எண்ணூர்ப் பக்கம் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுபவர்களிடம் ஒரு புலம்பல் கிளம்பும்: "பனிக்காலம் சார், வண்டி டீசலைக் குடிக்குது." இதில் பாதியை அப்படியே நம்பலாம். வண்டி கூடுதலாகக் குடிப்பது மெய்தான். பழியைப் பனியின் தலையில் கட்டுவதைத்தான் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

குளிர் மைலேஜைக் குறைக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. டொராண்டோவில், ஸ்கார்பரோவில் குடியிருக்கும் நம்மவர்களில் பிக்கப் வைத்திருப்பவர்களைக் கேட்டால் ஜனவரி மாத பெட்ரோல் செலவைக் கதைகதையாகச் சொல்வார்கள். அமெரிக்க எரிசக்தித் துறை இதற்குக் கணக்கே வைத்திருக்கிறது. 25 டிகிரி செல்சியஸில் ஓடும் பெட்ரோல் கார், மைனஸ் 7 டிகிரியில் நகருக்குள் ஓடினால் மைலேஜ் சுமார் 15 சதவீதம் விழும். ஐந்தாறு கிலோமீட்டருக்குள் முடியும் குறும்பயணங்களில் 24 சதவீதம் வரைகூட விழலாம். இந்தக் கணக்கில் 'இதமான நாள்' என்று எடுத்துக்கொண்டது 25 டிகிரியை. நமக்கு அதுதான் மார்கழி.

குளிர்நாட்டில் நடப்பது இதுதான். இன்ஜின் சரியாக வேலை செய்ய அதன் குளிர்விக்கும் நீர் 80, 90 டிகிரிக்குச் சூடேற வேண்டும். அதுவரை எண்ணெய் கெட்டியாக இருக்கும். நம் டீசல் வண்டிகளுக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 எண்ணெய், 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏழு மடங்குக்கு மேல் கெட்டி. பூஜ்யத்துக்குக் கீழே போனால் சொல்லவே வேண்டாம். அந்தக் கெட்டி எண்ணெயைக் கடையவே எரிபொருளில் ஒரு பங்கு போய்விடும். கியர் பாக்ஸிலும் டிஃபரன்ஷியலிலும் உள்ள எண்ணெய் இன்னும் சோம்பேறி; இன்ஜின் சூடான பிறகும் அது ஆற அமரத்தான் இளகும். குளிர்ந்த பெட்ரோல் இன்ஜினுக்குக் கம்ப்யூட்டரே கூடுதல் பெட்ரோலை ஊற்றும். இவற்றோடு கண்ணாடிப் பனியை உருக்க, இருக்கையைச் சூடாக்க என்று மின்சாரச் செலவு வேறு. பிக்கப்புக்கு முகப்பும் பெரிது, டயரும் பெரிது. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. நெடுஞ்சாலை வேகத்தில் அதைக் கிழித்துக்கொண்டு போவது கார்களைவிடப் பிக்கப்புக்குச் சிரமம்.

டீசலுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கடுங்குளிரில் அதிலுள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். லடாக் ஓட்டுநர்கள் இதற்காகப் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் இந்தியன் ஆயில் 2019 நவம்பரில், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்காலத் தனி டீசலை அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இப்போது எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்கு வருவோம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பம். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் நூறாண்டுகளுக்கு முந்தைய கதை. சாதாரண மார்கழி விடியலில் 21, 22 இருக்கும். வெயில் காலத்து விடியலில் 29, 30. வித்தியாசம் எட்டு டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

எட்டு டிகிரி குறைந்தால் காற்றின் அடர்த்தி மூன்று சதவீதத்துக்கும் குறைவாகவே கூடும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் வண்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. டயரில் 45 பிஎஸ்ஐ காற்று இருந்தால் ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கும். எரிசக்தித் துறையின் கணக்குப்படி நான்கு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் போகும். அப்படியானால் இங்கே போவது 0.3 சதவீதம், ஒரு லிட்டருக்கு ஐம்பது மீட்டர்கூட இல்லை. இன்ஜின் சூடேறச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும், அதுவும் முதல் சில கிலோமீட்டருக்குத்தான். ஏசி உள்ள வண்டிக்கு மார்கழி லாபமாகவும் முடியலாம். கம்ப்ரஸரை ஓட்டும் செலவு மிச்சம்.

அப்புறம் டீசல் எங்கே போகிறது? பெரும்பகுதி நின்ற இடத்திலேயே போகிறது. சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அதன் ஜீரோ கேட் வாசலிலிருந்து வடக்கே வரிசை கட்டினால் அந்தச் சாலையை நம்பிய சின்ன வண்டிகளும் மாட்டிக்கொள்ளும். அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் சும்மா உறுமிக்கொண்டு நின்றால் மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் எரியும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 40 கிலோமீட்டர் நடைக்குப் போகிறது என்று கொள்வோம். செலவு 2.7 லிட்டர். இடையில் மொத்தம் இரண்டு மணி நேரம் இன்ஜினை அணைக்காமல் வரிசையில் நின்றால் 3.7 லிட்டர். மைலேஜ் பதினொன்றுக்கும் கீழே. ஒரு பனித்துளியும் விழாமலேயே டொராண்டோவைத் தோற்கடித்தாயிற்று.

குறும்பயணம் இரண்டாவது திருடன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நெட்டுக்குப்பம் சுமார் 13 கிலோமீட்டர். வழியில் திருவொற்றியூரில் ஒரு பெட்டி இறக்கி, எர்ணாவூரில் அரை மணி நேரம் பேசி, கத்திவாக்கத்தில் டீ குடித்து என்று போகிற வண்டியின் இன்ஜின் முழுச் சூட்டில் ஓடும் நேரம் குறைவு. கனடாக்காரருக்கு வானம் செய்வதை நமக்கு நிறுத்தங்கள் செய்கின்றன. பாரத் ஸ்டேஜ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி 2020 ஏப்ரலில் வந்த பிறகு இது இன்னும் கூர்மையாகிவிட்டது. புதிய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நீண்ட ஓட்டம் கிடைத்தால் அந்தக் கரி தானாக எரிந்துவிடும். ஊர்ந்தே ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். அதை எரிக்க இன்ஜின் கூடுதல் டீசலைச் செலவழிக்கும். டேஷ்போர்டில் அதற்கான மஞ்சள் விளக்கு எரிந்தால் பலரும் இன்ஜினை அணைத்துவிட்டு மெக்கானிக்கைத் தேடுகிறார்கள். வண்டியின் கையேட்டில் சொன்னபடி கொஞ்ச தூரம் நிறுத்தாமல் சீராக ஓட்டினாலே பெரும்பாலும் அது அணைந்துவிடும்.

மார்கழிக்கு முந்தைய ஐப்பசி, கார்த்திகையையும் மறக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை சாலையைக் குதறிவிட்டுப் போகும் நேரம் அது. பள்ளத்துக்குப் பள்ளம் பிரேக், இரண்டாம் கியர், மறுபடி ஏற்றம். பனியைத் திட்டுகிறவர் உண்மையில் திட்டுவது அந்த மழை விட்டுப்போன சாலையைத்தான்.

மீன் வண்டிக்குக் குளிர் வேறொரு வழியாகவும் கணக்கில் வருகிறது. நம் போன்ற வெப்பநாடுகளில் மீன் கெடாமல் இருக்க, மீனின் எடைக்குச் சரியான எடை ஐஸ் வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. ஒண்ணேகால் டன் ஏற்றும் வண்டியில் அறுநூறு கிலோவுக்கு மேல் ஐஸே போகலாம். காசு வருவது மீனுக்கு; டீசல் எரிவதோ இரண்டுக்கும் சேர்த்து. பழைய தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் சீக்கிரம் உருகுவதால் இன்னும் அள்ளிப் போடுகிறார்கள். நல்ல காப்புள்ள பெட்டி வாங்கினால் அது மீனுக்கும் நல்லது, டேங்குக்கும் நல்லது.

சந்தேகம் தீராதவர்கள் தாங்களே அளந்து பார்க்கலாம். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடேறாதபோதே காற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே பங்க்கில் டேங்கை நிரப்பி, அடுத்த முறை நிரப்பும் வரை ஓடிய கிலோமீட்டரோடு, இன்ஜினை அணைக்காமல் நின்ற நேரத்தையும் குறிக்க வேண்டும். மார்கழியில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை, அதே பாதை, அதே லோடு. நின்ற நேரத்துக்கு மணிக்கு அரை லிட்டர் கழித்தபின் இரண்டு மாதக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பனி எடுத்தது எவ்வளவு, வரிசை எடுத்தது எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.