காலவரம்பும் முடிவுநேரமும்: சேவையகத்தின் காத்திருப்புப் பற்றிய ஒரு நோக்கு

சேவையகக் கணனிகளுக்கான நிரல்கள் பற்றிய விளக்கங்கள் பலவும் தரவை வாசித்தல், எழுதுதல் என்பவற்றோடு அமைந்துவிடுகின்றன. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்னும் வினாவை ஈண்டு நோக்குவோம்.

1983 இல் வெளியான 4.2 பி.எஸ்.டி. இயங்குதளத்தின் வழியாகப் பரவிய சொக்கெற் முறையில், தரவு வரும்வரை வாசிப்புத் தடைப்பட்டு நிற்பதே இயல்புநிலையாகும். மறுமுனை மௌனமுற்றால் சேவையகத்தின் செயன்முறையொன்று வீணே முடங்கும். எனவே ஒவ்வொரு வாசிப்புக்கும் காலவரம்பு விதிக்கப்படுகின்றது. ஆயின், அவ்வரம்பு மௌனத்தை அளக்கின்றதேயன்றி வேலையின் நிறைவை அளப்பதில்லை. ஒரேயொரு பைற்று வந்தாலும் கணக்கு மீண்டும் தொடங்கும். வரம்பு 300 செக்கனாயின், 240 செக்கனுக்கொரு பைற்று அனுப்புபவர் 100 பைற்றுகளைக் கொண்டே 24,000 செக்கன், அதாவது ஆறரை மணிநேரத்துக்கு மேல், ஒரு செயன்முறையைப் பற்றிவைத்திருக்கலாம்.

இது வெறும் கற்பனையன்று. 2009 இல் வெளியான சுலோலோரிஸ் என்னும் தாக்குதற் கருவி இப்பலவீனத்தையே பயன்படுத்திற்று. அப்பாச்சி 2.2 சேவையகத்தின் இயல்பான வரம்பு 300 செக்கன். அதன் முன்கிளைப்பு முறையில் ஒரே வேளையில் இயங்கிய செயன்முறைகள் இயல்பாக 256. முடிவுறாத வேண்டுகோள்கள் அவ்வளவும் நிரம்பியதும் ஏனையோருக்கு இடமில்லாது போயிற்று.

இதற்குத் தீர்வு யாது? வேண்டுகோள் தொடங்கும்போதே முடிவுநேரத்தைக் குறித்து, ஒவ்வொரு வாசிப்புக்கும் எஞ்சிய நேரத்தை மட்டும் வழங்குதலாகும். திருத்தத்துக்குள்ளாகும் நாட்காட்டி நேரத்தை விடுத்து, பின்செல்லாக் கடிகாரத்தையே இதற்குக் கொள்ளல் வேண்டும். அப்பாச்சி 2.4 இல் இதற்கென அமைந்த கூறு, தலைப்பு வரிகளுக்கு முதலில் 20 செக்கன் அளிக்கின்றது. பின்னர் வந்துசேரும் 500 பைற்றுக்கு ஒரு செக்கன் வீதம் கூட்டி, 40 செக்கனில் முடித்துவிடுகின்றது. மெதுவான இணைப்புடையோரைத் தண்டியாது, முடக்க முனைவோரைத் தடுக்கும் வழி இது.

எழுதுதலில் பிறிதொரு மயக்கம் உண்டு. எழுத்து வெற்றி பெற்றது என்பதன் பொருள், தரவு நமது இயங்குதளத்தின் இடைத்தேக்கத்தை அடைந்தது என்பதே; மறுமுனையை அடைந்தது என்பதன்று. இடையிலே காலவரம்பு கடந்தால் செய்தியின் ஒரு பகுதி சென்றிருக்கவும் கூடும். அவ்விணைப்பிலேயே அடுத்த செய்தியைத் தொடங்கின், பெறுபவர் இரண்டையும் ஒன்றாக மயங்குவர். எனவே இணைப்பை மூடிவிடுதலே முறை.

சேவையகத்தின் வளம் வரையறுக்கப்பட்டது, பலருக்கும் பொதுவானது. ஒருவருக்காக எல்லையின்றிக் காத்திருத்தல் பொறுமை போலத் தோன்றினும், உண்மையில் வரிசையில் நிற்கும் ஏனையோரின் நேரத்தையே அது செலவிடுகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.