கிவியும் செவியும்

1986-இல் ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறி, மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோவில் வழியாகச் சிதம்பரம் போனேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. மொழியியல். "தமிழ் தெரிஞ்சவனுக்கு அதுல என்னப்பா படிக்க இருக்கு?" என்று அத்தை கேட்டார்.

பதில் இரண்டாம் வாரமே கரும்பலகையில் வந்தது. தமிழிலும் தெலுங்கிலும் செவி, கன்னடத்தில் கிவி, துளுவில் கெபி, பலுசிஸ்தானத்துப் பிராகுயியில் கஃப். எல்லாம் ஒரே சொல்தான். முதலில் இருந்தது ககரம். இகர எகரங்களுக்கு முன்னால் தமிழ் அதைச் சகரமாக்கிக்கொண்டது, கன்னடம் மாற்றவில்லை. நம் 'செய்' அங்கே 'கெய்'. அப்படியானால் கெடு, கிளி, கிழங்கு மட்டும் ஏன் தப்பின? அடுத்து நிற்கும் ட, ள, ழ என்ற நாமடி ஒலிகள் மாற்றத்தைத் தடுத்துவிட்டன. பேசியவர்கள் யாரும் உட்கார்ந்து தீர்மானிக்காத ஒன்று இத்தனை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் இரண்டாம் பதிப்பு 1984-இல்தான் வெளிவந்திருந்தது. 5,500க்கும் மேற்பட்ட பதிவுகள். நூலகத்தில் உட்கார்ந்துதான் பார்க்க முடியும். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை என்று எழுதி, நூலால் கட்டி, செருப்பு வந்த அட்டைப்பெட்டியில் அடுக்கிவைத்தேன். விடுமுறைக்கு அந்தப் பெட்டியும் என்னோடு ஊருக்கு வரும்.

புத்தகத்துக்குத்தான் பஞ்சம், காதுக்குப் பஞ்சமில்லை. பெரம்பலூர்ப் பக்கம் என் நண்பன் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவன் பாட்டி ஏரியைச் 'செருவு' என்பார். கன்னடத்தில் அது கெரெ. தமிழில் நீரைத் தடுத்து நிறுத்துவதைச் சொல்லும் 'சிறை'. ஏரிப்பாசனத்தால் பிழைத்த ஊர்க்காரனுக்கு அந்த அட்டையை எழுதியபோது கை நடுங்கியது.

இந்த மண்ணுக்குச் சொல் தொகுப்பது புதிதுமல்ல. கொள்ளிடக் கரையோரத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை முடித்தார். நிகண்டுப் பாட்டை மனப்பாடம் செய்தால்தான் பொருள் கிடைக்கும் என்றிருந்த காலத்தில், அகர வரிசையில் தேடலாம் என்று வழிசெய்தவர் அவர். 1816-இல் சென்னையில் எல்லிஸ் தென்மொழிகள் ஒரு குடும்பம் என்று காட்டியதும், 1856-இல் கால்டுவெல் அதை முழு ஒப்பிலக்கணமாக விரித்ததும் அதற்குப் பிந்திய கதை.

இன்று பர்ரோ, எமனோ அகராதி முழுவதும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அரியலூரில் தமிழ் படிக்கும் என் அண்ணன் மகளிடம் செல்போன் இருக்கிறது. நான் இரண்டு வருடம் எழுதிய அட்டைகளை அவள் ஒரு மத்தியானத்தில் தேடி எடுத்துவிடுகிறாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பதிவு எண்ணைச் சொல்லுகிறவள், அந்தச் சொல்லை ஒருவர் வாயிலிருந்து கேட்டதில்லை. எமனோ 1930-களில் நீலகிரியில் தங்கி, தோடர்களும் கோத்தர்களும் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எழுதியதை அவளிடம் சொன்னேன்.

"நான் எங்க சித்தப்பா போறது, பலுசிஸ்தானுக்கா?" என்றாள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. போன மாதம் சிமெண்ட் ஆலைச் சாலையில் டீ குடிக்க நின்றோம். ஜார்க்கண்ட் பையன்கள் நாலு பேர் பெஞ்சில் இருந்தார்கள். அவர்களுக்குள் பேசியது இந்தி இல்லை. ஒருவனிடம் தன் காதைத் தொட்டுக் காட்டி, "உங்க பாஷையில?" என்று சைகையும் தமிழுமாகக் கேட்டாள். அவன் கொஞ்சம் கூச்சப்பட்டுச் சிரித்துவிட்டு, தொண்டையில் காற்று உரச, "கெப்தா" என்றான். குடுக் மொழி. திராவிடக் குடும்பத்தின் வடக்குக் கிளை.

அவள் டீ கிளாசைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்கண்ணா." அவன் சொன்னான். ககரம் அப்படியே இருந்தது. போனை எடுக்காமல், கடைக்காரரிடம் பேனா வாங்கி உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டாள்.