ஸ்டார்ட் ஆகாத பழைய ஸ்போர்ட்ஸ் கார்: பாகம் மாற்றும் முன் காரணம் கேளுங்கள்

பேட்டரி மாற்றியாச்சு, காயில் மாற்றியாச்சு, பிளக் செட்டும் புதுசு. வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இந்தப் புலம்பல் புதிதாக இருக்காது. மெக்கானிக் ஏமாற்றினார் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட முடியாது. கோளாறு எங்கே என்று சோதிக்காமல் ஊகத்தில் பாகம் மாற்றுவதுதான் பெரும்பாலும் பில்லை ஏற்றுகிறது. சோதிக்கும் வரிசை உரிமையாளருக்குத் தெரிந்தால் பணமும் மிஞ்சும். பிறகு தகராறு வந்தால் சட்டமும் கைகொடுக்கும்.

எம்ஜிபி காரை எடுத்துக்கொள்வோம். ஆக்ஸ்ஃபர்ட் அருகே ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. இன்றும் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஊகத்தில் பாகம் மாற்றும் பழக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

கை வைக்கும் முன்

கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் தொடாதீர்கள். கசிவை முதலில் கண்டுபிடியுங்கள்.

1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். அந்த வண்டிக்கு ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்கும்போது, கறுப்பு கேபிளை வழக்கம்போல இன்ஜினிலோ பாடியிலோ மாட்டினால் நேராக ஷார்ட் ஆகிவிடும். பின்னாளில் மாற்றி அமைத்த வண்டிகளும் உண்டு என்பதால், வருடத்தை மட்டும் நம்பாமல் எந்த முனையின் கேபிள் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்ஃப், பெட்ரோல், ஸ்பார்க்

முதலில் செல்ஃப் எடுக்கிறதா என்று பாருங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்கி அணைந்தால் பேட்டரியையோ அதன் கேபிள்களையோ சந்தேகிக்கலாம். வெளிச்சம் குறையாமல் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் சொலினாய்டு அல்லது செல்ஃப் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். நல்ல சார்ஜில் உள்ள பேட்டரி மீட்டரில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் சுற்றும்போது அது 10 வோல்ட்டுக்கு வெகு கீழே போகக்கூடாது. 1974 வரை எம்ஜிபியில் சீட்டுகளுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. ஒன்று படுத்தாலும் வண்டி படுத்துவிடும். இரண்டையும் தனித்தனியே அளந்து பாருங்கள்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருப்பதால், அதைப் பாடியோடு இணைக்க ஓர் எர்த் பட்டை இருக்கும். அது அறுந்தாலோ துருப்பிடித்தாலோ, செல்ஃப் இழுக்கும் அத்தனை கரண்டும் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாய முயலும். செல்ஃப் மந்தமாகச் சுற்றி, சோக் கேபிள் கை சுடும் அளவுக்குச் சூடானால், புது செல்ஃப் மோட்டார் வாங்க வேண்டாம். மாற்ற வேண்டியது சில பவுண்டு விலையுள்ள பட்டையைத்தான்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அடுத்தது பெட்ரோல். சாவியை இக்னிஷனில் மட்டும் வைத்துக் காதைத் தீட்டுங்கள். பின்பக்கம் இருக்கும் எஸ்யூ மின்பம்ப் ‘டக் டக்’ என்று அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். சத்தமே இல்லை என்றால் பம்ப்புக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். கரண்ட் வந்தும் அடிக்காத பம்ப் லேசாகத் தட்டினால் உயிர் பெறுகிறதா? அப்படியானால் அதன் உள்ளே இருக்கும் பாயிண்ட் தேய்ந்திருக்கும். தட்டியதும் ஓடிவிட்டதே என்று விட்டுவிட்டால், அடுத்த முறை நடுரோட்டில் நிற்கும். விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, குழாயில் காற்று புகுகிறது, அல்லது எங்கோ பெட்ரோல் கசிகிறது.

ஸ்பார்க் சோதனையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒயரைக் கையால் பிடித்துப் பார்ப்பது ஆபத்து. ஸ்பார்க் டெஸ்டர் கொஞ்சம் காசுக்கே கிடைக்கிறது. ஸ்பார்க் இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பாயிண்ட் வைத்த வண்டியில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிறகு கண்டென்சர், ரோட்டார். இந்த இரண்டிலும் தரம் குறைந்த புதுப் பாகங்கள் சந்தையில் உலவுகின்றன. ‘நேற்றுதான் மாற்றினோம்’ என்பதற்காக ஒரு பாகத்தைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். கழற்றிய பழைய பாகம் வேலை செய்யக்கூடியது என்றால் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பெட்ரோல் பங்கில் ஒரு கவனம்

2021 செப்டம்பரிலிருந்து கிரேட் பிரிட்டனில் சாதாரண 95 ஆக்டேன் பெட்ரோல் ‘இ10’, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ்களையும் சீல்களையும் அரிக்கக்கூடியது, ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது கூடுதல் தொல்லை. பழைய கார்களுக்கு ‘இ5’ போடும்படி அரசே அறிவுறுத்துகிறது. அது பெரும்பாலும் சூப்பர் ரகப் பெட்ரோலில் கிடைக்கும்.

40 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு வருடாந்தர எம்ஓடி சோதனை கட்டாயமில்லை. ஆனால் அபாயகரமான நிலையில் ரோட்டில் ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதமும் 3 பெனால்டி பாயிண்ட்டும் விழலாம். வருடத்துக்கு ஒருமுறையாவது ஹோஸ்களை யாராவது பார்க்கும்படி நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் உங்கள் உரிமை

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, ஒர்க்‌ஷாப் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும். விலை முன்கூட்டிப் பேசப்படவில்லை என்றால் நியாயமான தொகையைத்தான் கேட்கலாம். மாட்டிய பாகமும் தரமானதாக இருக்க வேண்டும். வேலை சரியில்லை என்றால், கூடுதல் செலவில்லாமல் திரும்பச் செய்து தரும்படி கேட்கலாம். அது முடியாதபோது, அல்லது நியாயமான காலத்துக்குள் நடக்காதபோது, கட்டணத்தைக் குறைக்கக் கோரலாம்.

அதற்கு அடித்தளம் வண்டியை விடும் நாளிலேயே போடப்படுகிறது. ‘வண்டியைச் சரிபண்ணிடுங்க’ என்று சாவியைக் கொடுக்காதீர்கள். ‘ஸ்டார்ட் ஆகாத காரணத்தைக் கண்டுபிடித்து எழுதித் தாருங்கள், என்னைக் கேட்காமல் பாகம் மாற்ற வேண்டாம், இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது’ என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். எந்த இடத்தில் எத்தனை வோல்ட், பம்ப் அடித்ததா, ஸ்பார்க் இருந்ததா என்று அறிக்கையில் வரட்டும். கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். நீங்கள் ஒப்புக்கொள்ளாத வேலைக்குப் பணம் தரவேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை.

வாங்கிய புதிதில் நின்றுவிட்டால்

வியாபாரியிடம் வாங்கிய கார், விற்கும்போதே குறையோடு இருந்தது தெரியவந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன்பிறகும், வாங்கியதிலிருந்து 6 மாதத்துக்குள் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது வியாபாரியின் பொறுப்பு. வண்டியின் வயதும் விலையும் கணக்கில் வரும் என்பதால் 50 வருடக் காரிடம் புதுக் காரின் தரத்தை எதிர்பார்க்க முடியாது. ‘உள்ளது உள்ளபடி விற்பனை’ என்று எழுதி வாங்கியிருந்தாலும் இந்த உரிமைகள் போய்விடாது.

தனிநபரிடம் வாங்கினால் பாதுகாப்பு குறைவு. சொன்ன விவரம் பொய்யாக இருந்தால்தான் பெரும்பாலும் கேட்க முடியும். நேரில் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் வாங்கிய பழைய காருக்கும் மேலே சொன்ன நுகர்வோர் உரிமைகள் பொருந்தா. ஏலத்துக்கு முன் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டும்படி கேளுங்கள்.

தகராறு முற்றினால்

முதலில் ஒர்க்‌ஷாப்புக்குத் தேதி குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். பில் கட்டும்வரை வண்டியைப் பிடித்துவைக்க அவர்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. சண்டை போட்டு எடுக்க முயலாதீர்கள். ஆட்சேபத்துடன் செலுத்துவதாக ரசீதில் எழுதிப் பணம் கட்டி, வண்டியை மீட்டு, பிறகு வழக்காடலாம். 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ளதைக் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமும் கேட்கலாம். ஒர்க்‌ஷாப் ‘மோட்டார் ஆம்புட்ஸ்மன்’ அமைப்பில் உறுப்பினர் என்றால் அங்கே செலவின்றி முறையிடலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் இலவசமாக ஆலோசனை சொல்லும். இங்கிலாந்து, வேல்ஸில் 10,000 பவுண்டு வரையிலான சிறு வழக்குகளை வக்கீல் இல்லாமலே நடத்தலாம். ஸ்காட்லாந்தில் எளிய நடைமுறைக்கான வரம்பு 5,000 பவுண்டு.

இந்த வழிகளில் எதில் போனாலும் முதலில் கேட்கப்படுவது ஒன்றுதான்: கோளாறு எது, அது எப்படித் தெரிந்தது? அதற்குப் பதில் காகிதத்தில் இருந்தால் வழக்கில் பாதி முடிந்த மாதிரி.