குரலுக்கு எழுதும் பத்திரம்

யாக்கோபு தம் தாய்மாமன் லாபானிடம் ஆடு மேய்த்த வரலாற்றை நாம் மறைக்கல்வி வகுப்பிலே படித்திருக்கிறோம். ஏழாண்டு உழைத்தால் இராகேலை மணம் முடித்துத் தருவதாகப் பேச்சு. ஏழாண்டு முடிந்ததும் மூத்தவள் லேயாவைக் கொடுத்துவிட்டு, இராகேல் வேண்டுமானால் இன்னும் ஏழாண்டு உழைக்க வேண்டும் என்றார் மாமனார். கூலியையும் பத்து முறை மாற்றினார் என்று யாக்கோபு பின்னர் முறையிடுகிறார். வாய்ப்பேச்சாக இருந்ததால்தானே இந்த வம்பு, எழுதி வாங்கியிருக்கலாமே என்று அப்போது நாங்கள் எண்ணினோம். எழுதிய பத்திரத்துக்குள்ளேயே லாபான் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்பது இவ்வாண்டுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

எங்கள் பாடகர் குழுவில் முன்பு பாடிய அக்கா ஒருவர் இப்போது நாமக்கல்லில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறார். வயது 20. எருமப்பட்டியிலும் சுற்று வட்டாரத்திலும் ஆலயத் திருவிழா என்றால் அவர் பாட்டு இல்லாமல் நடக்காது. அவர் பாடிய மாதா பாடல் ஒன்றை உறவினர் ஒருவர் கைப்பேசியில் பதிந்து யூடியூபில் போட, அது எப்படியோ வெளியூர் இசை நிறுவனம் ஒன்றின் காதுக்கு எட்டிவிட்டது. 23 பக்கத்தில் ஆங்கிலத்தில் ஓர் ஒப்பந்தம் வந்து சேர்ந்தது. அக்காவின் தந்தை லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வர்ணம் அடிப்பவர். அவர் அந்தத் தாள்களை ஒரு மஞ்சள் பையில் வைத்து எங்கள் ஆங்கில ஆசிரியையான அருட்சகோதரியிடம் கொண்டு வந்தார். பள்ளி விட்டபின் சகோதரி வரி வரியாகப் பொருள் சொன்னார். பாடல் பயிற்சிக்காகக் காத்திருந்த நாங்கள் நால்வரும் அருகில் நின்று கேட்டோம். (போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை.) அக்காவின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம்.

ஒப்பந்தத்தின் சாரம் இதுதான். நிறுவனம் 2,00,000 ரூபாய் முன்பணம் தரும். ஐந்தாண்டுகள் அக்கா வேறு எவருக்கும் பாடக்கூடாது. அதற்குமேல் இரண்டாண்டு நீட்டிக்கும் உரிமை நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. பாடல் வருமானத்தில் நூற்றுக்கு 20 அக்காவுக்கு. மேடைக் கச்சேரி, திருமண வரவேற்பு, விளம்பரம், தொலைக்காட்சி, அவர் பெயரோ படமோ போட்டு விற்கும் பொருள் என எதில் பணம் வந்தாலும் நூற்றுக்கு 40 நிறுவனத்துக்கு. எந்த நேரடி நிகழ்ச்சிக்கும் முன் அனுமதி வேண்டும். அப்படியானால் ஞாயிறு திருப்பலியில் பாடவும் அனுமதிக் கடிதம் வேண்டுமா என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். சகோதரி முதலில் சிரித்தார். பிறகு அந்த வரியைத் திரும்பப் படித்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக் கொண்டார்.

இப்படிக் கலைஞரின் எல்லா வருமானத்திலும் பங்கு கேட்கும் பத்திரத்துக்கு இசை வணிகத்தில் 360 டிகிரி ஒப்பந்தம் என்று பெயர். வட்டத்தின் முழுக் கோணம் 360 பாகை அன்றோ? ஒரு பக்கமும் விடாமல் சுற்றி வளைப்பதால் அப்பெயர். முன்னாளில் இசைத்தட்டு நிறுவனம் தட்டு விற்ற பணத்தோடு நின்றுவிடும். கச்சேரிப் பணம் பாடகருடையது. 1999இல் நாப்ஸ்டர் வந்து இணையத்தில் பாட்டை இலவசமாகப் பகிரும் வழக்கம் பரவிய பின், தட்டு விற்பனை சரிந்தது. வருமானம் மேடைக்கு இடம் மாறியதும் நிறுவனங்களும் பின்னாலேயே மேடைக்கு வந்தன. 2002இல் ஆங்கிலப் பாடகர் ராபி வில்லியம்ஸ் இ.எம்.ஐ. நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை இவ்வகையின் முன்னோடி என்பர். ஆனால் அவர் அப்போதே பெரும் புகழ் பெற்றவர். பேரம் பேச வக்கீல்கள் இருந்தார்கள். எங்கள் அக்காவுக்கு இருந்தது ஒரு மஞ்சள் பை.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பத்துப் புதுக் குரல்களுக்குச் செலவிட்டால் ஒன்றிரண்டுதான் தேறும். தேறியவரின் பாட்டு யூடியூபில் இலவசமாகக் கேட்கப்படுகிறது. அந்தப் புகழால் மேடையில் பணம் குவிகிறது. விதை போட்டவனுக்கு விளைச்சலில் பங்கு இல்லையா என்று அவர்கள் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் திரைப்படம் ஒன்றே பாட்டின் பெருவழி. அவ்வழியில் நுழைய முடியாத ஒரு பெண்ணுக்கு, ஒலிப்பதிவுக் கூடமும் படப்பிடிப்பும் விளம்பரமும் தர முன்வருபவரை உடனே கொள்ளைக்காரர் என்பது பொருந்தாது.

இதை நம் ஊரில் உள்ளதை வைத்தே பார்ப்போமே. நாமக்கல் பக்கத்தில் கறிக்கோழிப் பண்ணை பார்க்காதவர் யார்? நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தருகிறது. கொட்டகையும் தண்ணீரும் மின்சாரமும் உழைப்பும் பண்ணையாளருடையவை. ஏறக்குறைய ஆறு வாரத்தில் கோழியை நிறுவனமே எடுத்துக் கொண்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தருகிறது. அந்தக் கூலி போதவில்லை என்று பண்ணையாளர்கள் போராடுவதும் உண்டு. ஆயினும் ஒன்று கவனியுங்கள். தராசு பண்ணை வாசலிலேயே நிற்கிறது. கோழியின் எடையைப் பண்ணையாளர் தம் கண்ணால் பார்க்கிறார். கொட்டகை காலியானபின் அடுத்த குஞ்சு வேண்டாம் என்றும் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் வீட்டு எருமை கறக்கும் பாலில் நூற்றுக்கு 40 எங்களுக்கு என்று எந்தக் கோழி நிறுவனமும் கேட்பதில்லை!

பாட்டுக்கு அந்தத் தராசு எங்கே இருக்கிறது? எத்தனை பேர் கேட்டார்கள், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வந்தது என்ற கணக்கு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அக்காவுக்கு வந்த பத்திரத்தில், ஆண்டுக்கு ஒருமுறை நிறுவனம் அனுப்பும் கணக்கே முடிவானது என்று ஒரு வரி. இதைவிட எங்களைத் திகைக்க வைத்தது முன்பணக் கணக்கு. அதையும் போட்டுப் பார்த்தோம். முன்பணம் 2,00,000. ஒலிப்பதிவுக்கும் படப்பிடிப்புக்கும் 3,00,000 ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். இரண்டும் சேர்ந்த 5,00,000 ரூபாயை அக்காவின் 20 பங்கிலிருந்துதான் கழிப்பார்களாம். பாட்டு 20,00,000 ரூபாய் ஈட்டினால் அக்காவின் பங்கு 4,00,000. கழித்தால் அக்கா இன்னும் 1,00,000 ரூபாய் கடன்காரர். நிறுவனமோ போட்ட 5 போக 15 லட்சம் லாபம் கண்டிருக்கும். ஒரே பாட்டு, ஒரே வருமானம். ஒரு பக்கம் லாபம், மறுபக்கம் கடன். வகுப்பில் இந்த விடையை நாங்கள் எழுதியிருந்தால் தவறென்று சிவப்பு மையால் அடித்திருப்பார்கள்.

இது சிற்றூர்ப் பெண்ணுக்கு மட்டும் உள்ள இக்கட்டு அன்று. 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' என்ற பாடல் வெளிவந்தது. அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவும், தீயும் பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் இசை. ஏ.ஆர். ரகுமானின் ஆதரவோடு, தனிக்கலைஞர்களை உயர்த்தவென்று தொடங்கிய மாஜா என்ற தளம் வெளியிட்டது. யூடியூபில் மட்டும் 40 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து, 2024 மார்ச்சில், அப்பாடலால் இதுவரை தங்களுக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். ரகுமானும் தங்களைப் போலவே பாதிக்கப்பட்டவர் என்றார். நிறுவனத் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. யார் சொல்வது மெய் என்று தீர்ப்புக் கூறுவது எங்கள் வேலையன்று. ஆனால் உலகமே கேட்ட பாட்டுக்கு எவ்வளவு பணம் வந்தது என்பதைப் பாடியவரும் வெளியிட்டவரும் ஒரே ஏட்டைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்பது மட்டும் தெளிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அறிவு எடுத்த பாட்டு அது. உழைத்தவருக்கு நிலம் இல்லாமற்போனதைப் பாடிய பாட்டுக்கே இந்த நிலை.

பெரியவர்கள் சிலர், அந்தக் காலத்தில் இதைவிடக் கட்டுப்பாடு அதிகம் என்பார்கள். உண்மைதான். திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம் சேலத்தில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. அங்கே நடிகரும் எழுத்தாளரும் இசைக்காரரும் மாதச் சம்பளத்தில் இருந்தார்கள். ஜி. ராமநாதன் போன்ற இசை மேதையும் அங்கே பணியாற்றியவர்தான். கண்டிப்புக்குப் பெயர் போன இடம். ஆனால் படம் ஓடினாலும் படுத்தாலும் முதல் தேதி சம்பளம் உண்டு. இன்றைய பத்திரத்தில் கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது, சம்பளத்தைத்தான் காணோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினோம். 1977இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகக் கூலி பெற்று இசையமைத்தால் உரிமை தயாரிப்பாளருக்கே என்று தீர்ப்பளித்தது. அமர்வில் இருந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனிக் குறிப்பு எழுதி, பாடுபவருக்கு உரிமையே இல்லாத குறையை நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்றார். அது கவனிக்கப்படப் பல்லாண்டு ஆயிற்று. பாடகருக்கும் கலைநிகழ்த்துநருக்குமான உரிமை 1994இல்தான் சட்டத்தில் ஏறியது. 2012இல், மாநிலங்களவையில் கவிஞர் ஜாவேத் அக்தர் வாதாட, பெரிய திருத்தம் வந்தது. பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் தமக்குரிய ராயல்டியில் சமபங்கை எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் தரலாம். பாடகருக்கும், பாட்டு வணிகத்துக்குப் பயன்பட்டால் ராயல்டி உண்டு. உரிமையை எழுதித் தரும் பத்திரத்தில் காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ள வேண்டும்; இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். நிபந்தனை கொடுமையானது என்று முறையிடவும் வழி உண்டு, ஆனால் ஐந்தாண்டு கழியாமல் பத்திரத்தை ரத்துச் செய்ய முடியாது. இருபது வயதில் ஐந்தாண்டு என்பது எவ்வளவு நீளம்!

இங்கேதான் நாங்கள் முக்கியமாகக் கருதுவது வருகிறது. அந்தச் சட்டம் பாட்டையும் அதைப் பாடியதையும் காக்கிறது. கச்சேரிப் பணத்தையோ, பாடுபவரின் பெயரையும் முகத்தையும் விற்று வரும் பணத்தையோ அது தொடுவதில்லை. 360 டிகிரி ஒப்பந்தம் கை வைப்பது சரியாக அங்கே. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பிடித்து வைப்பதை மட்டும் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானை அவருடைய விளம்பர நிறுவனம் அப்படிக் கட்ட முயன்றபோது 2006இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நம்மைப் போல் 18 வயது நிறையாதவர் போடும் கையெழுத்தும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. ஆகையால் நம்மிடம் கேட்க மாட்டார்கள், பெற்றோரிடம் கேட்பார்கள்.

நம் தோழியர் பலரும் விரும்பிக் கேட்கும் கொரியப் பாட்டு உலகில் இச்சிக்கல் முன்பே வெடித்தது. டி.வி.எக்ஸ்.கியூ. குழுவின் ஐவரில் மூவர், 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து 2009இல் வழக்குத் தொடுத்தனர். அதே ஆண்டு அந்நாட்டின் நியாய வணிக ஆணையம் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வகுத்து ஏழாண்டை எல்லையாக வைத்தது. நம் நாட்டிலும் அரசு ஒரு மாதிரிப் பத்திரத்தைத் தமிழிலேயே அச்சிட்டுத் தந்தால், 23 பக்கத்தை அதனோடு ஒப்பிட்டாவது பார்க்கலாமே.

எல்லாவற்றிலும் பங்கு கேட்பதாலேயே ஓர் ஒப்பந்தம் அநீதி ஆகிவிடாது என்பது எங்கள் எண்ணம். நிறுவனம் தானே ஏற்பாடு செய்து, மேடை போட்டு, ஆள் திரட்டிய கச்சேரியில் பங்கு கேட்கட்டும். அது கூட்டு வேளாண்மை. எருமப்பட்டிக் கலியாண வீட்டில் அக்காவின் சித்தப்பா பேசி முடித்த 25,000 ரூபாயில் 10,000 கேட்பது எந்த உழவுக்கு வாரம்?

இதையெல்லாம் கேள்விகளாகத் தொகுத்துச் சகோதரி ஒரு கடிதம் எழுதித் தந்தார். நாமக்கல்லில் வழக்கறிஞர் ஒருவரும் பார்த்துத் திருத்தினார். நிறுவனம் ஏற்பாடு செய்யும் நிகழ்ச்சிக்கு மட்டும் பங்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, அதைத் தணிக்கையாளர் பார்க்கும் உரிமை. நீட்டிப்பு இருவர் சம்மதத்தோடு. ஆலயத்தில் பாட எவர் அனுமதியும் தேவையில்லை. இவை கேட்கப்பட்டன. பதில் தொலைபேசியில் வந்தது. ஆலயம் பற்றிய வரியை எடுத்து விடுகிறார்களாம். மற்றவை எல்லோருக்கும் ஒன்றுதான், மாற்ற இயலாது, மாத முடிவுக்குள் சொல்லுங்கள் என்றார்களாம்.

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் அக்கா என்று நாங்கள் ஒரே குரலில் சொன்னோம். அக்கா கோபிக்கவில்லை. "நீங்க சொல்றது சரிதான். ஆனா ரெண்டு லட்சத்தை எங்கப்பா ஒரே நேரத்தில பார்த்ததே இல்ல. தம்பிக்கு அடுத்த வருஷம் காலேஜ்" என்றார். அதற்கு மறுமொழி எங்களிடம் இல்லை. இந்தக் கட்டுரையை ஆசிரியையிடம் கொடுக்கும் நாள்வரை கையெழுத்து ஆகவில்லை. பத்திரம் அவர்கள் வீட்டு அலமாரியில், அதே மஞ்சள் பையில் இருக்கிறது. வருகிற ஞாயிறு திருப்பலியில் காணிக்கைப் பாடலை அக்காதான் பாடுகிறார், நாங்கள் பின்பாட்டு.