உப்புப் பாக்கெட்டும் கிராஃப் டேட்டாபேஸும்

"டேபிள் இருக்கும்போது கிராஃப் டேட்டாபேஸ் எதுக்கு?" இன்னைக்கு இதை உப்பை வெச்சே பார்த்துடலாம்.

ஈசிஆர்ல புதுச்சேரி போற வழியில மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீங்க. பாத்தியில விளையுற உப்பு குவியலாகி, லாரி ஏறி, ஆலைக்குப் போகுதுன்னு வெச்சுக்கோங்க. அங்கே பொட்டாசியம் அயோடேட் கலந்து பாக்கெட் போடுவாங்க. சட்டப்படி, அதில் போதுமான அளவு அயோடின் இருக்கணும். கடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு அயோடின் ரொம்பக் குறைஞ்சா, குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும்.

இப்போ ஒரு பாக்கெட்ல 8 தான் இருக்கு. தப்பு எங்கே நடந்தது? அதே பேட்ச் வேற எந்தக் கடைகளுக்குப் போச்சு? குவியல் கணக்கு நோட்டுல, அயோடின் அளவு லேப் எக்ஸெல்ல, பேட்ச் நம்பர் ஈஆர்பியில, விற்பனை டீலரோட பில்லிங்ல. எஸ்கியூஎல்ல ஜாயின் மேல ஜாயின் போட்டு இதைப் பிடிக்கலாம். ஆனா எத்தனை படி போகணும்னு தெரியாதப்போ குவெரி சிக்கலாகிடும்.

கிராஃப்ல குவியல், லோடு, பேட்ச், பாக்கெட், கடை எல்லாமே நோடு. 'இதிலிருந்து வந்தது', 'இங்கே போனது' என்பவை எட்ஜ். நியோஃபோர்ஜேயின் சைஃபர் மொழியில் சில வரிகளில் இந்தப் பாதையைக் கேட்டுடலாம். இப்படிப்பட்ட குவெரிகளுக்கு 2024-ல் ஜிகியூஎல் என்ற ஐஎஸ்ஓ தரமே வந்தாச்சு.

இதனால என்ன லாபம்? அதே குவியல்ல இருந்து போன இன்னொரு பேட்ச் சரியா இருந்தா, முதல்ல கலக்குற மெஷினைப் பார்க்கணும். ஒரே பேட்ச் ஒரு கடையில சரியாவும் இன்னொரு கடையில குறைவாவும் இருந்தா, குடோன் ஈரத்தையும் சந்தேகப்படணும். அயோடின் கலக்கிறது ஆலையில. ஆனா இந்தத் தொடர்பு பதிவாகலைன்னா, பழி சுலபமா உப்பளத்துக்காரர் தலையில விழும்.

ஒரு எச்சரிக்கை. நோட்டுல 'வடக்குக் குவியல் 3', ஈஆர்பியில 'எம்கே-0003'. ரெண்டும் ஒண்ணுன்னு எந்த டேட்டாபேஸும் தானா முடிவு பண்ணாது, யாராவது சொல்லணும். ரெண்டு லோடு உப்பு கலந்த பிறகு பிரிக்கவும் முடியாது. கொட்டும்போதே எழுதி வெச்சாத்தான் உண்டு.

அதனால டூல் வாங்குறதுக்கு முன்னாடி, உங்க கம்பெனியில ஒரே ஒரு பொருளைக் கையாலேயே பின்தொடர்ந்து பாருங்க. நூல் எங்கே அறுந்துபோகுதோ, வேலையை அங்கே ஆரம்பிங்க.