பாங்கிக் கணக்கு முடக்கமும் பிரஜையின் உரிமையும்

ஒரு வியாபாரி சரக்கு வாங்கியதற்குச் செக் கொடுக்கிறார். செக் திரும்பி வருகிறது. கணக்கில் பணம் இருக்கிறது. ஆனால் எடுக்க முடியாது. பாங்கிக்கு ஓடிப்போய் விசாரித்தால், "கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது" என்கிறார் அதிகாரி. யாருடைய உத்தரவு? மேலிடத்து உத்தரவு. என்ன காரணம்? வரவில் சந்தேகம். எத்தனை ரூபாயில் சந்தேகம்? தெரியாது. எப்பொழுது விடுதலை? சொல்வதற்கில்லை. இத்தகைய முறையீடுகள் தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் ஹைகோர்ட்டுகளுக்கு வந்தவண்ணம் இருக்கின்றன. வியாபாரமே பிழைப்பாகவுள்ள தியாகராய நகர் போன்ற இடங்களில் இவ்விஷயத்தை அசட்டை செய்வதற்கில்லை.

ஸர் பி. தியாகராயச் செட்டியாரின் பெயர் தாங்கி 1920-களில் எழுந்த இந்நகர் இன்று தென்னிந்தியாவின் பெரிய கடைவீதிகளில் ஒன்று. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்குச் செல்லும் ரங்கநாதன் தெருவிலும், பாண்டி பஜாரிலும், ஆடித் தள்ளுபடியின்போதும் தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும் கூடும் ஜனத்திரளை நேயர்கள் அறிவார்கள். கைத்தொலைபேசியிலேயே பணம் செலுத்தும் பழக்கம் பரவிவிட்டதாயினும், கலியாணச் சேலைக்கும் சீர்ப் பாத்திரத்துக்கும் ரொக்கம் முடிந்துகொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மற்ற மாதங்களில் காணாத பணம் ஒரு வாரத்தில் வந்து குவிகிறது. பாங்கியின் கணக்குப் பார்க்கும் யந்திரத்துக்கு இது திடீரென்று வீங்கிய வரவாகத் தோன்றக் கூடும். தீபாவளியை யந்திரம் அறியாது, கடைக்காரர் அறிவார். அவரை ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் விஷயம் தீர்ந்துவிடும். கேட்பதற்கு முன் பூட்டுவதே நாம் ஆக்ஷேபிக்கும் வழக்கம்.

சர்க்காரின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. கள்ளப் பணத்தையும் மோசடிப் பணத்தையும் பிடிக்கத்தான் வேண்டும். ஏழைப் பென்ஷன்தாரர் ஆயுள் முழுவதும் சேர்த்ததை ஒரு தொலைபேசிப் பேச்சில் பறித்துக்கொள்ளும் கயவர்கள், அப்பணத்தை நாழிகைக்குள் பத்துக் கணக்குகளில் சிதறவிடுகிறார்கள். 1930 என்ற எண்ணுக்குப் பிராது வந்தவுடன் பணம் போன வழியை அடைக்காவிட்டால், பறிகொடுத்தவருக்கு ஒரு காசும் மிஞ்சாது. ஆகையால் விரைவு அவசியம். விரைவு வேண்டும் என்பதற்காக நியாயம் வேண்டாம் என்று சொல்லலாமா என்பதே கேள்வி.

பாங்கிக்கும் பணம் போட்டவருக்கும் உள்ள சம்பந்தம் என்ன? 1848-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு பிரசித்தமான வழக்கில் இதைத் தெளிவுபடுத்திற்று. பாங்கி கடனாளி, பணம் போட்டவர் கடன் கொடுத்தவர். கேட்டபோது கொடுப்பதே பாங்கியின் கடமை. இந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை நன்கு அறியும். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தபோது எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. அந்தச் சாம்பலிலிருந்துதான், வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால், சுதேசி உணர்ச்சியின் வேகத்தில், 1907-ல் இந்தியன் பாங்கி பிறந்தது. நம்மவர் பணம் நம்மவர் கையில் பத்திரமாயிருக்கும் என்பதே அன்று ஜனங்களுக்குக் கொடுத்த வாக்கு. அவ்வாக்கைக் காப்பது இன்றுள்ள எல்லாப் பாங்கிகளுக்கும் பொறுப்பாகும்.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 2002-ல் இயற்றப்பட்டு 2005-ல் அமலுக்கு வந்த பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கப் பற்றுவரவைப் பாங்கிகள் டில்லியிலுள்ள நிதி உளவுப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். ஒன்றோடொன்று தொடர்புள்ள சிறு தொகைகள் சேர்ந்து ஒரே மாதத்தில் அவ்வளவாயினும் அறிவிக்க வேண்டும். தொகை எவ்வளவாயினும் சந்தேகத்துக்கு இடமிருந்தால், அதற்குத் தனியாக அறிக்கை அனுப்ப வேண்டும். அவ்வறிக்கையைப் பற்றிக் கணக்குக்காரரிடம் மூச்சு விடக்கூடாது. இவையெல்லாம் அறிவிக்கும் கடமைகளே. பூட்டும் அதிகாரம் அல்ல. சந்தேக அறிக்கை அனுப்பிய ஒரே காரணத்துக்காகக் கணக்கின் நடப்புக்குத் தடை போடலாகாது என்று ரிஸர்வ் பாங்கியின் விதிகளே கூறுகின்றன. நமது வியாபாரிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பாங்கிக் கிளைகளில் எத்தனை அதிகாரிகளுக்கு இது நினைவிருக்கிறது?

அப்படியானால் பூட்டு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் போலீஸாரின் கடிதத்திலிருந்து வருகிறது. பாங்கிக் கணக்கும் போலீஸார் கைப்பற்றத்தக்க 'சொத்து' ஆகும் என்று 1999-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 102-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதீய நாகரிக சுரக்ஷா சம்ஹிதையின் 106-வது பிரிவாக நிற்கிறது. சாட்சியத்துக்காகக் கத்தியையும் வண்டியையும் எடுத்து வைக்கும் அதிகாரம் இப்படியாகக் கணக்குகள்மேல் பாய்ந்தது. கத்தியை எடுத்து வைத்தால் குடும்பம் பட்டினி கிடக்காது. கணக்கைப் பூட்டினால் குமாஸ்தாவின் சம்பளமும், கடை வாடகையும், பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளமும் ஒருங்கே நின்றுபோகும். மோசடிக்காரன் ஒருவன் கடைக்கு வந்து 2,000 ரூபாய்க்குச் சட்டை வாங்கியிருக்கலாம். அந்த 2,000 ரூபாயைத் தேடிக்கொண்டு வரும் கடிதம், கடைக்காரரின் சொத்து முழுவதையும் கட்டிப்போட்டுவிடுகிறது.

இதில் ஒரு விசித்திரத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். சர்க்காரின் கடுமையான சட்டங்களுக்குக்கூட ஒரு நாட்காட்டி உண்டு. பணமோசடிச் சட்டத்தின்கீழ்ச் செய்யும் தாற்காலிக ஜப்தி, உரிய அதிகாரி ஊர்ஜிதம் செய்யாவிட்டால் 180 நாட்களில் காலாவதியாகிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின்கீழ்ச் செய்யும் தாற்காலிக ஜப்தி ஒரு வருஷத்தில் தீர்ந்துபோகிறது. குற்றத்தால் வந்த சொத்தை ஜப்தி செய்ய வகை செய்யும் சம்ஹிதையின் 107-வது பிரிவோ, கோர்ட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுகிறது. காரணம் காட்டுவதற்குச் சொத்துக்காரருக்கு 14 நாள் தருகிறது. 106-வது பிரிவின்கீழ் எழுதும் போலீஸ் கடிதத்துக்கு மட்டும் நாள் கணக்கே கிடையாது. கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் அறிவிக்கத் தாமதமானதால் மாத்திரம் முடக்கம் செல்லாததாகிவிடாது என்று, சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2024-ல் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. ஆகவே அந்தக் காவலும் தளர்ந்து நிற்கிறது.

நியாயஸ்தலங்கள் வழி காட்டாமலில்லை. 2023-ல் கேரள ஹைகோர்ட், போலீஸார் குறிப்பிட்ட தொகையளவுக்கே முடக்கம் நிற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2024-ல் சென்னை ஹைகோர்ட் முன் வந்த வழக்கில், சந்தேகத்துக்குரிய தொகை சுமார் 2½ லட்சம். முடங்கிக் கிடந்த கணக்கிலோ 9½ லட்சத்துக்கு மேல் இருந்தது. தொகையும் காலமும் குறிப்பிடாமல் ஒருவரது கணக்கு முழுவதையும் முடக்குவது பிழைப்பு நடத்தும் உரிமையைப் பறிப்பதாகும் என்று கருதிய நீதிபதி, சந்தேகத் தொகையை மாத்திரம் நிறுத்தி வைத்துவிட்டுக் கணக்கைத் திறந்துவிட உத்தரவிட்டார். இது சிறந்த தீர்ப்பு. ஆயினும் ஹைகோர்ட் படியேறப் பணமும் பொழுதும் உள்ளவருக்கே இந்நியாயம் கிட்டுகிறது. பணம் முடங்கிக் கிடப்பவன் எந்தப் பணத்தைக் கொண்டு வக்கீல் வைப்பான்?

விசாரணைக்கு முன் தண்டனை என்பது நம் தேசத்துக்குப் புதிதன்று. 1910-ஆம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டத்தின்கீழ், அதிகாரவர்க்கம் நினைத்த மாத்திரத்தில் ஜாமீன் கேட்டது. நினைத்த மாத்திரத்தில் பறிமுதல் செய்தது. 1916-ல் இதே சென்னையில் அன்னி பெஸன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' பத்திரிகை கட்டிய 2,000 ரூபாய் பறிமுதலாயிற்று. மேலும் 10,000 ரூபாய் கேட்கப்பட்டது. அன்று நம் தலைவர்கள் எழுப்பிய ஆட்சேபம் தொகையைப் பற்றியதன்று. குற்றம் ருசுவாகுமுன் சொத்தைத் தொடலாகாது என்ற தர்மத்தைப் பற்றியது. அன்னிய ஆட்சியிடம் கேட்ட அந்தத் தர்மத்தைச் சுய ஆட்சியிடம் கேட்க நாம் ஏன் கூச வேண்டும்? சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவரது சொத்தைப் பறிக்கலாகாது என்று நமது அரசியல் சட்டத்தின் 300-ஏ ஷரத்தும் கூறுகிறதே!

அமெரிக்காவிலும் இவ்வியாதி இருந்தது. 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கத்தைப் பாங்கிகள் அங்கே சர்க்காருக்கு அறிவிக்க வேண்டும். அதைத் தவிர்க்கும் எண்ணத்தோடு சிறிது சிறிதாகக் கட்டுவது குற்றம். ஐயோவா மாகாணத்தில் ரொக்கத்துக்கே வியாபாரம் செய்த ஒரு சிற்றுண்டிச்சாலை அம்மையாரின் கணக்கிலிருந்து 2013-ல் சுமார் 33,000 டாலரை வரி இலாகா எடுத்துக்கொண்டது. அவர்மேல் எக்குற்றமும் சாட்டப்படவில்லை. ஊர் கொதித்தது, பத்திரிகைகள் எழுதின, 2014-ல் இலாகா பின்வாங்கியது. 2019-ல் அந்நாட்டுக் காங்கிரஸ், பணம் சட்டவிரோதமான வழியில் வந்ததாக இருந்தாலன்றி இக்காரணத்துக்காகப் பறிக்கலாகாது என்றும், பறித்தால் விரைவில் விசாரணை அளிக்க வேண்டும் என்றும் சட்டம் செய்தது. பொது ஜன அபிப்பிராயம் விழித்தால் சட்டம் திருந்தும் என்பதற்கு இது சாட்சி.

இதற்கிடையில், கணக்கு முடங்கியவர் செய்ய வேண்டியது என்ன? முதலாவதாக, பூட்டிய கை எது என்பதை எழுத்து மூலம் பாங்கியிடம் கேட்க வேண்டும். போலீஸா, வரி இலாகாவா, அமலாக்க இலாகாவா, அல்லது அடையாளப் பத்திரங்களைப் புதுப்பிக்காததற்காகப் பாங்கியேதானா என்பது தெரியாமல் எங்கே முட்டினாலும் பயனில்லை. கடிதத்தின் எண், தேதி, அதிகாரியின் பதவி, சந்தேகத் தொகை ஆகியவற்றைக் கேட்டுப் பெறவேண்டும். இரண்டாவதாக, நாள்வழிச் சிட்டை, பேரேடு, பில்கள், வரிக் கணக்குகள் ஆகியவற்றின் நகல்களோடு அந்த அதிகாரிக்கு ரிஜிஸ்தர் தபாலில் விளக்கம் அனுப்ப வேண்டும். பதில் இல்லையேல், சம்ஹிதையின் 503-வது பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட்டிடமோ, அரசியல் சட்டத்தின் 226-வது ஷரத்தின்கீழ் ஹைகோர்ட்டிடமோ செல்லலாம். குறை பாங்கியினுடையதாயின், எழுத்து மூலம் முறையிட்டு 30 நாட்களில் திருப்தியான பதில் கிடைக்காவிட்டால், ரிஸர்வ் பாங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் கட்டணமின்றி மனுச் செய்யலாம். கமிஷன் கொடுத்தால் திறந்து தருகிறேன் என்று வரும் தரகனை வாசற்படியிலேயே நிறுத்துக.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2017 முதல் தடுக்கப்பட்டிருக்கிறது. அறிவிப்பிலிருந்து தப்புவதற்காகத் தொகையைத் துண்டு துண்டாக்கிக் கட்டுபவர் சந்தேகத்தைத் தாமே விலை கொடுத்து வாங்குகிறார். சிநேகிதனுக்காகவோ, சொற்பக் கூலிக்காகவோ தம் கணக்கைப் பிறர் பணத்துக்கு இரவல் கொடுப்பவர் கள்வனுக்குக் கதவு திறந்தவராவார். உரிமை கேட்பவர் கையில் ஒழுங்கான கணக்கு இருக்க வேண்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது அதிகமன்று. முடக்கும் கடிதம் ஒவ்வொன்றிலும் உத்தரவிட்டவர் யார், தொகை எவ்வளவு, காலம் எதுவரை என்ற மூன்றும் இருக்க வேண்டும். அதன் நகல் கணக்குக்காரருக்கு உடனே சேர வேண்டும். குறித்த நாளுக்குள் மாஜிஸ்திரேட் ஊர்ஜிதம் செய்யாவிட்டால் பூட்டுத் தானே திறந்துகொள்ள வேண்டும். திருடனைப் பிடிக்கும் வேலைக்கு இதனால் எள்ளளவும் பங்கமில்லை. சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் உள்ள நம் பிரதிநிதிகள் இதைக் கேட்க வேண்டும். தேர்தல் காலத்தில் கடைக்குக் கடை வந்து கும்பிட்டவர்கள், அக்கடைகளின் கல்லாப்பெட்டி காரணமின்றிப் பூட்டப்படும்போது வாய் மூடியிருப்பது அழகன்று. வியாபாரச் சங்கங்களும் ஊழியர்களும் இன்றே கூடித் தீர்மானம் செய்து அவர்களுக்கு அனுப்புவார்களாக!