பல்லுக்கு போட்ட 'கேப்' சில்லு சில்லாக பேர்வது ஏன்? டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி

உத்திரமேரூர்:-

ஆயிரக்கணக்கில் செலவு பண்ணி பல்லுக்கு 'கேப்' போட்டால், முறுக்கு கடிச்ச வேகத்தில் மேல்பூச்சு பேர்ந்து போச்சு என்று புலம்புகிறவர்களை பார்த்திருப்பீர்கள். தறி ஓட்டுகிறவர்களுக்கும் கூலி வேலைக்கு போகிறவர்களுக்கும் அது பல நாள் சம்பளம். ஏன் பேர்கிறது?

2 அடுக்கு

வெள்ளை நிற கேப் பலவற்றில் 2 அடுக்கு உண்டு. உள்ளே இருப்பது சிர்கோனியா. இரும்பு மாதிரி கெட்டி. நிஜப்பல் போல தெரிவதற்காக அதன் மேல் பீங்கான் மாவை குழைத்து பூசி சூளையில் சுடுகிறார்கள்.

காஞ்சீபுரம் பட்டுச்சேலையில் உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைப்பது போலத்தான் இதுவும். கோர்வை சரியில்லை என்றால் கரை பிரிந்து விடும்.

சுட்ட கேப் ஆறும்போது 2 அடுக்கும் சுருங்கும். ஒரே அளவில் சுருங்காவிட்டால் ஒன்றை ஒன்று இழுக்கும். சிர்கோனியா சூட்டை சீக்கிரம் விடாது. அவசரப்பட்டு ஆற வைத்தால் அந்த இழுப்பு உள்ளேயே தங்கிவிடும். பிறகு கடிக்கும்போது சில்லு தெறிக்கும்.

எந்திர சோதனை

பிடிமானத்தை எப்படி அளக்கிறார்கள்? சிர்கோனியா துண்டின் மேல் பீங்கானை சுட்டு, எந்திரத்தில் இறுக்கி, 2-ம் சேரும் இடத்தில் கத்தி போன்ற முனையால் மெதுவாக தள்ளுவார்கள். எவ்வளவு பலத்தில் பிரிகிறது என்று எந்திரம் காட்டும்.

சில துண்டுகளை முதலில் 5 டிகிரி தண்ணீரிலும், 55 டிகிரி தண்ணீரிலும் ஆயிரக்கணக்கான முறை மாற்றி மாற்றி முக்குவார்கள். ஐஸ்கிரீமும் சூடான காபியும் படுத்தும் பாடு அது!

உடைந்த துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூச்சு முழுசாக கழன்றிருந்தால் பிடிமானம் மோசம். பீங்கானே உடைந்து, அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிடிமானம் பரவாயில்லை.

உலோகத்தின் மேல் பீங்கான் பூசும் பழைய வகை கேப்புக்கு, பட்டையை வளைத்து சோதிப்பார்கள். அதில் குறைந்தது 25 மெகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 250 கிலோ தாங்க வேண்டும் என்பது சர்வதேச தர விதி.

என்ன கேட்கணும்?

கடிக்கும் பலம் கடைவாய்ப்பல்லில்தான் அதிகம். அங்கே பூச்சே இல்லாத முழு சிர்கோனியா கேப் போடலாம். பூச்சு இல்லை என்றால் பேர்வதற்கும் ஒன்றும் இல்லை. எனவே பணம் கட்டும் முன், "பூச்சு போட்டதா, முழு சிர்கோனியாவா? வாரண்டி கார்டு உண்டா?" என்று டாக்டரிடம் கேளுங்க.

சில்லு பேர்ந்தாலும் பயப்பட வேண்டாம். சின்ன உடைப்பு என்றால் தேய்த்து, பாலிஷ் போட்டே சரி செய்யலாம். தனியார் செலவு கட்டாதவர்கள் சென்னை கோட்டை ரெயில் நிலையம் எதிரே உள்ள அரசு பல் மருத்துவ கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டலாம்.